இலை மஞ்சளானதும் உரப்பையைத் தூக்காதீர்கள்

எங்கள் சமூகத் தோட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். நிழலில் மிளகாய் வைப்பது, தண்ணீர் ஊற்ற மறப்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தானாகத் தெரிந்துவிடும்.

மஞ்சளைக் கண்டதும் உரம்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். எந்த இலை மஞ்சள் என்று யாரும் பார்ப்பதில்லை. நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் குறைந்தால் செடி அடி இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அடி இலைதான் முதலில் வாடும். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது, குறை குருத்தில் தெரியும். அடி இலை முழுசாக வெளுத்தால் நைட்ரஜன். ஓரம் கருகினால் பெரும்பாலும் பொட்டாசியம். நரம்பு பச்சையாக நின்று இடையில் மட்டும் மஞ்சளித்தால், அடி இலையில் மக்னீசியம், குருத்தில் இரும்பு.

சிங்கப்பூர் ஈசூனில் பக்கத்து புளோக் அக்கா டிசம்பர் மழையில் என்னைக் கூப்பிட்டார். கறிவேப்பிலைக் குருத்தெல்லாம் எலுமிச்சை நிறம், நரம்பு மட்டும் பச்சை. "தம்பி, ரெண்டு தடவை என்பிகே போட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு." என்பிகே என்றால் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்த உரம். தொட்டியைக் கவிழ்த்தோம். அடித்துளை அடைத்து மண் சேறாகிக் கிடந்தது. வேரை இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்தது, சாக்கடை நாற்றம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காற்றில்லாத வேரால் அதை எடுக்க முடியவில்லை. போட்ட உரமோ உப்பாகத் தேங்கி இலை நுனியைக் கருக்கிவிட்டது. அழுகியதை வெட்டிவிட்டு, பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் இலேசான வெள்ளைக் குருணை) கலந்த மண்ணில் நட்டோம். உரமே போடவில்லை. அது தப்பித்தது. அவர் அதேபோல் 'கவனித்த' இன்னொரு தொட்டி தப்பவில்லை.

சரி, தண்ணீர் நன்றாக வடிந்தும் குருத்து வெளுக்கிறதா? மண்ணின் பிஎச் (புளிப்பு-காரத் தன்மையின் அளவு) பாருங்கள். 7-ஐத் தாண்டினால் இரும்பு மண்ணோடு கட்டுண்டுவிடும். சீலேட் இரும்பு (வேர் எளிதில் எடுக்கும்படி பிணைத்த இரும்பு) கொடுங்கள். துருப்பிடித்த ஆணியைப் புதைக்க வேண்டாம்.

எப்சம் உப்பு

இது மக்னீசியம் சல்ஃபேட். மக்னீசியம் குறைந்தால் மட்டும் போடுங்கள். சும்மா தூவிக்கொண்டே இருந்தால் கால்சியம் ஏறுவதைக் கெடுக்கும்.

முட்டை ஓடு

தக்காளிக் காயின் அடி கருத்தால், கால்சியம் குறை என்று உடனே ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள். அது மக்க மாதக்கணக்காகும். கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போகும். இன்று வறண்டு நாளை மூழ்கும் மண்ணில் போகாது. தண்ணீரைச் சீராக ஊற்றுங்கள்.

தட்டில் தேங்கும் தண்ணீர்

வேருக்குக் கேடு, கொசுவுக்குக் கொண்டாட்டம்.

மூன்றாம் நாளே மறுபடி உரம்

முழுசாக மஞ்சளித்த பழைய இலை பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பாது. இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் குருத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.