ஈசான் கிராமத்துக்கு மாப்பிள்ளையாக வருகிறவர்களுக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானில், கோன் கேன், உடோன் தானி, ரோய் எட் பக்கத்துக் கிராமங்களில், கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் காலங்காலமான வழக்கம். பெரும்பாலும் கடைசி மகள் அப்பா அம்மாவோடு இருந்து அவர்களைப் பார்த்துக்கொள்வாள், வீடும் அவளுக்கே வரும். அதனால் ஈசான் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே குடிவருகிறீர்கள் என்றால் அந்தக் கூச்சம் வேண்டவே வேண்டாம். மாமியாரை 'மே' என்று கூப்பிடுங்கள், மாமனாரை 'போ' என்று. நம் காதில் எப்படி விழுந்தாலும் அதற்கு அப்பா என்றுதான் பொருள். வயதில் மூத்தவர், ஆணோ பெண்ணோ, 'பீ', இளையவர் 'நொங்'. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று ஊரையே உறவாக்கிப் பழகிய நமக்கு இது ஒரே நாளில் வந்துவிடும்.

வரதட்சணை இங்கே தலைகீழ். மாப்பிள்ளைதான் பெண்ணைப் பெற்றவர்களுக்கு 'சின்சோட்' தர வேண்டும், பணமாகவும் தங்கமாகவும், கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் தட்டில் வைத்து. எவ்வளவு என்பதைப் பெரியவர் ஒருவரை வைத்து முன்கூட்டியே பேசிவிடுங்கள், நீங்களே உட்கார்ந்து பேரம் பேசினால் அழகாக இருக்காது. சில வீடுகளில் அதில் ஒரு பங்கைத் தம்பதிக்கே திருப்பித் தருவார்கள், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். 'பாட்' என்பது பணத்துக்கு மட்டுமல்ல, தங்கத்தின் எடைக்கும் பெயர். ஒரு பாட் தங்கம் சுமார் 15 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இது தெரியாமல் தலையாட்டிவிட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.

நிலம் வெளிநாட்டவர் பெயரில் வாங்க முடியாது, சட்டம் அப்படி. வீடு கட்டப் பணம் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் வந்து தங்கியதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கான படிவம் டிஎம்30 என்று கேளுங்கள். கிராமத்தில் பலருக்கு இது தெரியாது, நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

சாப்பாடு தரையில் பாய் விரித்துத்தான். 'காவ் நியாவ்' என்னும் ஒட்டரிசி மூங்கில் கூடையில் வரும். நான் வந்த முதல் நாள் ராத்திரி அதைக் கைநிறைய அள்ளித் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசையப் போனேன். மே ஒன்றும் சொல்லவில்லை, கூடையிலிருந்து கோலிக்குண்டு அளவு கிள்ளி, மூன்று விரலால் அமுக்கி, துவையலில் தொட்டு என் கையில் வைத்தார். அதுதான் முறை. சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், மீன் சாறும் 'பிளா ரா' என்னும் புளித்த மீனும் பப்பாளி சாலட் உட்பட ஏகப்பட்டதில் சேரும். 'கின் ஜே' என்று சொல்லுங்கள், சீன பௌத்த வழிச் சைவமான அது அவர்களுக்குத் தெரியும், முகம் சுளிக்க மாட்டார்கள்.

தெருவில் போகும்போது 'கின் காவ் லேவ் போ' என்று கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்பதுதான், நம் ஊர் விசாரிப்பேதான். உங்களை 'கேக்' என்றும் சொல்வார்கள். இந்தியர்களுக்கு அவர்கள் வைத்த சொல், விருந்தாளி என்றும் அதற்குப் பொருள் உண்டு, உடனே கோபப்படாதீர்கள்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சோங்கிரான், நம் சித்திரைப் பிறப்பையொட்டியே வரும். நகரத்தில் தண்ணீர்ச் சண்டை. கிராமத்து வீட்டில் பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். அன்றைக்கு எங்கும் சுற்றப் போகாமல் வீட்டில் இருங்கள்.

கடைசியாக, 'பாய்சீ' என்னும் சடங்கு. நீங்கள் வந்து சேர்ந்ததற்கோ கல்யாணத்துக்கோ வாழையிலையில் கோபுரம் போலச் செய்து நடுவில் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து உங்கள் மணிக்கட்டில் வெள்ளைப் பருத்தி நூல் கட்டுவார்கள். உடம்பில் 32 'க்வன்', அதாவது உயிரைக் காக்கும் ஆவிகள், இருக்கின்றன, அலைந்து திரிகிற அவற்றை அழைத்துக் கட்டிவைக்கிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. வயல் வேலையில் காய்ப்பேறிய அந்த விரல்கள் முடிச்சுப் போடும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் கையை நீட்டி, தலை குனிந்து அப்படியே இருங்கள். நூலைக் குறைந்தது 3 நாள் விட்டுவைக்க வேண்டும், கத்தரிக்கோல் வைக்கக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும். குளிக்கும்போது நனைந்தால் பரவாயில்லை.