மண் அணையைக் கணினியில் குலுக்கும்போது செய்யக்கூடாதவை

1971 பிப்ரவரி 9 அன்று கலிஃபோர்னியாவில் வந்த நிலநடுக்கத்தில் லோயர் சான் ஃபெர்னாண்டோ அணையின் நீர்ப்பக்கச் சரிவு, உச்சியையும் இழுத்துக்கொண்டு ஏரிக்குள் சரிந்தது. நீர்மட்டத்துக்கு மேல் மிஞ்சியது சுமார் ஒன்றரை மீட்டர் மண், அதுவும் வெடிப்பு விட்ட மண். கீழே குடியிருந்த ஏறத்தாழ 80,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. இதே அணைக்கு 0.15 என்ற நிலநடுக்கக் கெழுவை வைத்து (அதாவது எடையில் 15 சதவீதத்தை நிலையான கிடைமட்ட விசையாக எடுத்து) சூடோஸ்டாட்டிக் கணக்குப் போட்டால் பாதுகாப்புக் காரணி, அதாவது மண்ணின் வலிமைக்கும் அதைச் சரிக்கும் விசைக்கும் உள்ள விகிதம், 1.3 வரும், அதாவது காகிதத்தில் அணை நிற்க வேண்டும்.

ஏன் நிற்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மண் சார்ந்த நிலநடுக்க வடிவமைப்பில் நடக்கும் பாதித் தவறுகள் புரிந்துவிடும். பலத்த அதிர்வு அடங்கி ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துத்தான் பெரிய சரிவு தொடங்கியது என்று உச்சியில் இருந்த கருவியின் பதிவு காட்டியது. சூடோஸ்டாட்டிக் முறை கணக்கில் எடுக்கும் கிடைமட்ட விசை அப்போது இல்லவே இல்லை! நீரோடு கரைத்துக் கொட்டிக் கட்டிய மணலில் துளைநீர் அழுத்தம் (மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம்) ஏறி, மண் திரவமாகி, வலிமை போய்விட்டது. அணையைத் தள்ளியது அதன் சொந்த எடைதான். ஆகவே வலிமை இழக்கக்கூடிய, நீர் நிறைந்த தளர்ந்த மணலுக்கு இந்த முறையைப் பயன்படுத்தவே கூடாது.

வலிமை இழக்காத மண்ணுக்கும் அதை அரைகுறையாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹைன்ஸ்-கிரிஃபின், ஃபிராங்க்ளின் இருவரும் 1984இல் சொன்னது இது: பாறையில் வரும் உச்ச முடுக்கத்தில் பாதியைக் கெழுவாக எடு, மண்ணின் வலிமையை 20 சதவீதம் குறை, அப்படியும் காரணி 1க்கு மேல் வந்தால் நகர்வு 1 மீட்டருக்குள் இருக்கும். பலருடைய அறிக்கையில் அந்தப் "பாதி" மட்டும் இருக்கிறது, 20 சதவீதத்தைக் காணோம்.

சரி, அணையைச் சிறு சிறு துண்டுகளாகப் (எலிமென்ட்) பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளுக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, இங்கே தவறு இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்கிறது. மோர்-கூலம் என்ற எளிய மண் வலிமை மாதிரியை எடுத்து, நீர் வெளியேறாத நிலையை வைத்து, விரிவுக் கோணத்தையும் (வெட்டுப்படும்போது மண் எவ்வளவு விரியும் என்பதன் அளவு) கொஞ்சம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மாதிரியில் மணல் வெட்டுப்படும்போது விரிய முயலும், நீர் வெளியேற முடியாததால் துளைநீர் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், வலிமை எல்லையில்லாமல் ஏறும். தளர்ந்த மணல் நிஜத்தில் செய்வதற்கு நேர் எதிர் இது. படம் அழகாக வரும், நகர்வு சின்னதாக வரும், எல்லோரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். மண் திரவமாதல் சாத்தியம் என்றால் அதற்கென்றே உருவான யூபிசிசேண்ட், பிஎம்4சேண்ட் போன்ற மண் மாதிரிகள் வேண்டும். அவற்றையும் இயல்பு மதிப்புகளோடு அப்படியே ஓட்டாதீர்கள். முதலில் ஒரே ஒரு எலிமென்டைச் சுழற்சி வெட்டுக்கு உட்படுத்தி, உங்கள் எஸ்பிடி எண்ணுக்கு (களத்தில் குழாயை மண்ணுக்குள் இறக்கத் தேவைப்பட்ட அடிகளின் எண்ணிக்கை) எதிர்பார்க்கும் சுழற்சித் தகைவு விகிதத்தில், சுமார் 15 சுழற்சியில் அது திரவமாகிறதா என்று பாருங்கள். அப்புறம், அதிர்வு முடிந்ததும் கணக்கை நிறுத்தாமல் எஞ்சிய வலிமையோடு சொந்த எடையில் அணை நிற்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது உள்ளீட்டு அதிர்வு. எனக்குத் தெரிந்து அதிகம் குழம்புவது இங்கேதான். திறந்த பாறை மேற்பரப்பில் பதிவான அதிர்வு, மேலே வரும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்தது, அதாவது மேலேறும் அலையைப் போல் இரண்டு மடங்கு. அதை மாதிரியின் அடியில் விறைப்பான தளத்தில் அப்படியே கொடுத்தால் கீழே இறங்கும் அலை வெளியேற வழியின்றி உள்ளேயே மோதிக்கொண்டிருக்கும். அலையை உறிஞ்சும் தளம் வைத்து, வேகப் பதிவைப் பாதியாக்கி, வெட்டுத் தகைவாக மாற்றிக் கொடுப்பதே நல்ல வழி. ஆனால் சில மென்பொருள்கள் பாதியாக்குவதைத் தாமே செய்யும், சில செய்யாது. கையேட்டைப் படிக்காமல் விட்டால் அதிர்வு இரண்டு மடங்கோ பாதியோ ஆகிவிடும். இதைவிட மோசமானது, மென்மண்மேல் எடுத்த பதிவைப் பாறை அதிர்வாகப் பயன்படுத்துவது. 1985இல் மெக்சிகோ நகரில் பாறை போன்ற கெட்டித் தளத்தில் உச்ச முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் 3-4 சதவீதம்தான், ஏரிக் களிமண்மேல் 17 சதவீதம். அந்தக் களிமண் பதிவை இன்னொரு மண்ணுக்கு அடியில் கொடுத்தால் பெருக்கத்தை மறுபடியும் பெருக்குகிறீர்கள்.

மெஷ் (எலிமென்ட்களின் வலை) அளவு: எலிமென்டின் உயரம் அலைநீளத்தில் எட்டில் ஒன்று முதல் பத்தில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். வெட்டு அலை வேகம் நொடிக்கு 150 மீட்டர், அதிர்வெண் 15 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 10 மீட்டர், எலிமென்ட் 1 மீட்டர். ஆனால் குலுக்கலில் மண் இளகும். விறைப்பு கால் பங்காகக் குறைந்தால் அலை வேகம் பாதியாகும், அப்போது அரை மீட்டர் தேவை. தொடக்க வேகத்தை மட்டும் பார்த்து மெஷ் போட்டால் உயர் அதிர்வெண்கள் சத்தமில்லாமல் வடிகட்டப்பட்டுவிடும்.

பக்க எல்லைகளை இறுக்கிக் கட்டாதீர்கள், அலை திரும்பி வரும். டேம்பிங்கை (அதிர்வைத் தணிக்கும் ஆற்றல் இழப்பை) இருமுறை எண்ணாதீர்கள்: மண் மாதிரியே சுழற்சியில் ஆற்றலை இழக்கும்போது, அதன்மேல் 5 சதவீத ராலே டேம்பிங் (மென்பொருளில் தனியாகச் சேர்க்கும் தணிப்பு) வைத்தால் விடை செயற்கையாக அடங்கிவிடும். 1 சதவீதம் அளவு போதும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கைக்கணக்கு. மண் அடுக்கின் அடிப்படைக் காலம் (அது இயல்பாக ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம்), தடிமனின் நான்கு மடங்கை வெட்டு அலை வேகத்தால் வகுத்தால் வரும். மெக்சிகோ களிமண்ணுக்குச் சுமார் 38 மீட்டர் தடிமன், நொடிக்கு 75 மீட்டர் வேகம் என்று போட்டால் 2 நொடி, அங்கே பதிவில் தெரிந்ததும் அதுவே. உங்கள் மாதிரியிலிருந்து ஒரு மண் தூணை வெட்டியெடுத்து, மீள்தன்மையோடு, மிகச் சிறிய அதிர்வில் ஓட்டிப் பாருங்கள். இந்தக் காலம் வரவில்லை என்றால் எல்லையிலோ மெஷ்ஷிலோ அலகிலோ தவறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை பெரிய மாதிரியைத் தொட வேண்டாம்.