டர்க்காய்ஸ் மை: பேனாவில் நிரப்பும் முன்

பெலிக்கன் 4001 டர்க்காய்ஸ் (நீலப்பச்சை) போன்ற ஊற்றுப் பேனா மையை வாங்கிய சூட்டோடு பேனா நிறைய ஏற்றிவிடாதீர்கள். கழுவிய நிப்பை மட்டும் முக்கி எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வரியை நம்ப வேண்டாம். மையில் முக்கியெடுத்த நிப் அளவுக்கு மீறி மை கக்கும், நிறம் அழுத்தமாகத் தெரியும். அடுத்த வரிகள் 10 நிமிடம் காய்ந்தபின் தெரிவதுதான் அசல் நிறம். மெல்லிய நிப்பில் வெளிறும். மீடியம் (நடுத்தர) நிப்போ பிராட் (தடித்த) நிப்போ நல்லது.

பேனாவுக்குள்ளே பழைய ப்ளூ பிளாக் மை கொஞ்சம் தங்கியிருந்தாலே நிறம் மங்கிவிடும். நிப்பை டிஷ்யூவில் ஒற்றினால் கறை படாத வரை சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். பிடிவாதக் கறைக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். வெந்நீர் கூடாது, பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். நிப்பில் பொருக்குத் தட்டினால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் பட்டால் கரையும் மை, செக்கில் கையெழுத்துக்கு ஆகாது.