ஏழு சுற்றுப் புதிர்ப்பாதையைத் தரையில் வரைவது எப்படி?

மிகுபுனைவுக் கதைகளிலும் படங்களிலும் வரும் புதிர்ப்பாதைகளில் மனதைப் பறிகொடுத்தவர்களுக்கு, அதில் ஒருமுறையாவது நடந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதற்கு உயரமான செடிச்சுவரோ பாழடைந்த கோட்டையோ தேவையில்லை. சமமான தரை, சாக்கட்டி, அளந்து வெட்டிய ஒரு குச்சி, கூட ஒரு ஆள் போதும். ரசிகர் சந்திப்புக்கு முந்தின நாள் மாலையே வரைந்து முடித்துவிடலாம்.

புதிர்ப்பாதையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கிளைகள் பிரிந்து முட்டுச்சந்தில் கொண்டு விடுவது. படங்களில் பெரும்பாலும் வருவது இதுதான். ஜிம் ஹென்சன் இயக்கிய 1986ஆம் ஆண்டின் ‘லாபிரிந்த்’ படத்தில், நாயகி தரைக்கற்களில் உதட்டுச்சாயத்தால் அம்புக்குறி போட்டுக்கொண்டே போவாள். அவள் முதுகுக்குப் பின்னால் கற்கள் திருப்பிப் போடப்பட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகையில் கிளையே கிடையாது. ஒரே வழி வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும். காளைத்தலை அரக்கனான மினோட்டாரின் கிரேக்கக் கதை நடக்கும் கிரீட் தீவில், க்னோசஸ் நகரத்துப் பழைய நாணயங்களில் இருப்பது இந்த ஒற்றை வழி வடிவம். கர்நாடகத்தின் ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயிலில் சக்கரவியூகத்தையும் இதற்கு நெருக்கமான வடிவத்தில்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

தரையில் வரைவதற்கு ஒற்றை வழியே சரி. சுவர் இல்லாத இடத்தில் கிளைவழியை வரைந்தால், வாசலில் நின்றபடியே முட்டுச்சந்து எங்கே என்று தெரிந்துவிடும். ஒற்றை வழியில் முழுப்படமும் கண்ணெதிரே இருந்தாலும், நடக்கும்போது திசை குழம்பத்தான் செய்யும்.

பாதையின் அகலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். எல்லா அளவும் அதிலிருந்துதான் வரும். மொத்த அகலம் பாதை அகலத்தைப் போல 15 மடங்கு, வாசலிலிருந்து எதிர் ஓரம் வரை 13.5 மடங்கு. கோடுகளின் மொத்த நீளம் சுமார் 180 மடங்கு. பாதை 50 செ.மீ. என்றால் 7.5 மீட்டருக்கு 6.75 மீட்டர் இடம், 90 மீட்டர் கோடு. அதில் நடுவை அடையச் சுமார் 75 மீட்டர் நடக்க வேண்டும். தரை புரளும் அங்கி, இறக்கை, வாள் என்று வேடமிட்டு வருபவர்கள் இருந்தால் 70 செ.மீ. வையுங்கள். அப்போது 10.5 மீட்டருக்கு ஏறக்குறைய 9.5 மீட்டர் இடம் வேண்டும்.

இனி கரு வடிவம். எல்லா வளைவுகளும் கிளம்புவதும் முடிவதும் இதில்தான். வாசல் பக்கத்தைக் கீழ் என்றும் எதிர்ப்பக்கத்தை மேல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பாதை அகலத்துக்குச் சரியாக வெட்டிய குச்சிதான் இனி அளவுகோல். ஒரு கூட்டல் குறி போடுங்கள். மையத்திலிருந்து ஒவ்வொரு கையும் இரண்டு குச்சி நீளம். நான்கு மூலைகளிலும் ஒரு ‘ட’ வரும். மேலே வலப்பக்கம் நேரான ‘ட’, மற்ற மூன்றும் அதன் பிரதிபலிப்புகள். ‘ட’வின் முனை மையத்தைப் பார்க்க வேண்டும், கூட்டல் குறியின் இரு கோடுகளிலிருந்தும் ஒரு குச்சி தள்ளி இருக்க வேண்டும். அதன் கைகள் ஒரு குச்சி நீளம். ஒவ்வொரு ‘ட’வுக்கும் வெளியே, கூட்டல் குறியின் இரு கைநுனிகளுக்கும் நேராக ஒரு புள்ளி. நான்கு புள்ளிகளையும் மனதில் இணைத்தால் நான்கு குச்சிப் பக்கமுள்ள சதுரம் தெரியும். அதன் ஓரத்தைச் சுற்றி எண்ணுங்கள்: கோட்டு நுனிகள் 12, புள்ளிகள் 4, ஆக 16.

பலர் சறுக்குவது இந்தக் கருவை இடத்தின் நடுவில் போடுவதால்தான். வளைவுகள் மேல்நோக்கியே பெருகும். 50 செ.மீ. பாதைக்கு, கருவின் மையம் வாசல் ஓரத்திலிருந்து 2 மீட்டர், எதிர் ஓரத்திலிருந்து 4.75 மீட்டர், இடப்பக்கம் 3.5, வலப்பக்கம் 4 மீட்டர் என அமைய வேண்டும்.

இப்போது இணைப்பு. கூட்டல் குறியின் மேல்நுனியை அதற்கு வலப்பக்கத்து ‘ட’ நுனியோடு சின்ன வளைவால் சேருங்கள். அந்த வளைவின் உள்ளேதான் நடு. அடுத்து, இடப்பக்கம் முதலில் காலியாக இருக்கும் நுனியிலிருந்து கிளம்பி, முன் வளைவின் மேலாகச் சுற்றி, வலப்பக்கம் அடுத்த காலி இடமான புள்ளியில் முடியுங்கள். இப்படியே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எனக் கீழே இறங்கிக்கொண்டே வர வேண்டும். எட்டாவது வளைவு எல்லாவற்றையும் சுற்றி வந்து கூட்டல் குறியின் கால்நுனியில் முடியும். அதற்கு இடப்பக்கத்து இடைவெளிதான் வாசல்.

ஒருவர் வரைய, மற்றவர் முந்தைய வளைவின் மேல் குச்சியை அரை மீட்டருக்கு ஒருமுறை வைத்து அளந்து சொல்ல வேண்டும். கண் மதிப்பில் போட்டால் மேலே அகலமாகவும் பக்கவாட்டில் கால் வைக்க முடியாதபடியும் ஆகிவிடும். முதலில் மெல்லிய கோடு, சரிபார்த்த பிறகே அழுத்தமான கோடு. ஒட்டுநாடா பயன்படுத்தினால் கை நீளத்துக்கு இழுக்காமல் 15 செ.மீ. துண்டுகளாகக் கிழித்து ஒட்டுங்கள். நீளத் துண்டு வளைவில் மடிந்து மேலெழும்பும். புல்தரையில் கயிறு நல்லது, ஆனால் கால் தடுக்காதபடி முளையடித்துத் தரையோடு படியவைக்க வேண்டும்.

எட்டு வளைவுகளுக்கு இடையே உள்ள ஏழு பாதைகள்தான் ஏழு சுற்றுகள். சரிபார்க்க வெளிச்சுற்றை ஒன்று என எண்ணி நடந்து பாருங்கள். வழி 3, 2, 1, 4, 7, 6, 5 என்ற வரிசையில் போய் நடுவில் சேர வேண்டும். எங்காவது முட்டினாலோ சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தாலோ, ஒரு நுனியைத் தவறவிட்டு அடுத்ததோடு இணைத்திருக்கிறீர்கள். அந்த வளைவிலிருந்து வெளியே உள்ள எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டும். ஒரு கோட்டை மட்டும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது.

இந்த வரிசைதான் இதன் அழகே. நான்காவது சுற்றிலிருந்து நேராக ஏழாவதற்குத் தாவியதும், நடு ஒரே ஒரு கோட்டுக்கு அப்பால் இருக்கும். கைநீட்டினால் எட்டும். ஆனால் வழி உங்களை ஆறாவதற்கும் ஐந்தாவதற்கும் வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டுத்தான் உள்ளே விடும். ஒவ்வொரு சுற்று மாறும்போதும் நடக்கும் திசையும் தலைகீழாகும். ரசிகர் கதை எழுதுபவர்கள் இதை அப்படியே பயன்படுத்தலாம்: எதிரி ஐந்தாவது சுற்றில், நாயகன் ஏழாவதில் இருந்தால், நடுவுக்கு அருகில் நிற்பவன் நாயகன், முதலில் சேரப்போவது எதிரி.

போவதும் வருவதும் ஒரே வழி என்பதால் எதிரெதிரே சந்திப்பு நடக்கும். உள்ளே போகிறவர் நேராகப் போக, திரும்புகிறவர் கோட்டைத் தாண்டி ஒதுங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருவரை அனுப்பினால் நெரிசல் வராது. மேலே சொன்ன படத்தில் நாயகிக்குக் கிடைப்பது 13 மணி நேரம். விளையாட்டாக வைப்பதென்றால் 13 நிமிடம் கொடுங்கள், நிதானமாக நடந்து திரும்பவே தாராளம். இரவில் நடத்தினால் எல்இடி விளக்குகள் மட்டும். வளைவுகளில் மெழுகுவத்தி வைத்தால், திரும்பும் இடத்தில்தான் அங்கியின் ஓரம் வீசும்.