வீட்டில் துப்பாக்கி உண்டா? கணவர் பதிலையும் மனைவி பதிலையும் ஒப்பிடும் முறை

அமெரிக்காவில் எத்தனை வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது என்று கணக்கிடுபவர் முதலில் கவனிக்க வேண்டியது, பதில் சொன்னவர் கணவரா மனைவியா என்பதை. ஆண்–பெண் தம்பதி வாழும் வீட்டுக்கு ஒரு கணவர், ஒரு மனைவி. மாதிரி ஒழுங்காக அமைந்தால் 'உண்டு' என்போரின் விகிதம் இரு தரப்பிலும் ஒன்றாக வர வேண்டும். ஆனால் கணவர்களின் விகிதம்தான் உயர்ந்து நிற்கிறது. லுட்விக், குக், ஸ்மித் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் 1998இல் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

சோதித்துப் பார்க்க, 1972இல் தொடங்கிய ஜெனரல் சோஷியல் சர்வே என்னும் அமெரிக்க மக்கள் கருத்தாய்வின் தரவு போதும், இலவசமாகக் கிடைக்கிறது. இதில் வீட்டுக்கு ஒருவரிடம்தான் கேட்பார்கள். ஆகவே ஒரே தம்பதியின் இரு பதில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. மொத்தக் கணவர்களை மொத்த மனைவியரோடு ஒப்பிடுகிறோம்.

திருமணமானவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். பிரிந்து வாழ்வோருக்குத் தனிக் குறியீடு உண்டு. அவர்களைச் சேர்த்தால் ஒப்பீடு கெடும். கேள்வியே கேட்கப்படாதவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்குங்கள். பதில் சொல்ல மறுத்தவர்களை 'இல்லை'யில் தள்ளிவிடாதீர்கள், இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. மறுப்பு விகிதத்தை இரு பாலருக்கும் தனித்தனியே போடுங்கள். பிறகு, மாதிரியில் சில தரப்பினர் கூடியோ குறைந்தோ வருவதைச் சரிசெய்யத் தரவிலேயே தரப்பட்டுள்ள எடைகளைப் போட்டு விகிதம் எடுங்கள்.

ஒரே ஆண்டுத் தரவை நம்ப வேண்டாம். 500 கணவர், 500 மனைவி, விகிதம் 45% என்று வையுங்கள்: வித்தியாசத்தின் பிழை எல்லை சுமார் ±6.2 சதவீதப் புள்ளி. மாதிரி கொத்துக் கொத்தாக எடுக்கப்படுவதால், வடிவமைப்பு விளைவை (அதாவது, இதனால் பிழை எல்லையின் வர்க்கம் எத்தனை மடங்கு ஆகிறது என்பதை) 1.5 என்று கொண்டால், அது ±7.6 ஆகும். பல ஆண்டுகளைச் சேர்த்துத் தரப்புக்கு 2,500 பேர் ஆக்கினால் ±3.4க்கு இறங்கும்.

அடுத்த சோதனைதான் கூர்மையானது. 'உண்டு' என்றவரிடம் அது அவருடைய சொந்தத் துப்பாக்கியா என்றும் கேட்கிறார்கள். தன் சொந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதாகச் சொல்லும் கணவர்களின் விகிதத்தைவிட, வீட்டில் துப்பாக்கி உண்டு என்னும் மனைவியரின் விகிதம் குறையவே கூடாது. குறைந்தால், வீட்டில் இருப்பதை மனைவியர் அறியவில்லை அல்லது சொல்லவில்லை. இல்லையேல் கணவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். இவற்றில் எது என்று இந்தத் தரவு தீர்ப்புச் சொல்லாது. முதல் காரணம் கூடுதல் நம்பத்தக்கது என்பது எங்கள் கருத்து: அலமாரி மேல்தட்டில் கிடக்கும் பழைய வேட்டைத் துப்பாக்கி அதை வைத்தவருக்குத்தான் நினைவிருக்கும்.

வெவ்வேறு ஆய்வுகளைக் கலக்கும் முன் கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள். ஒன்று வீட்டையும் கார் கொட்டகையையும் கேட்கும். மற்றொன்று வாகனத்தையும் சேர்க்கும். கணவரின் டிரக்கில் கிடக்கும் கைத்துப்பாக்கியை இரண்டாவது எண்ணும், முதலாவது எண்ணாமல் விடலாம். ஜெனரல் சோஷியல் சர்வேயின் 2021 சுற்று பெரும்பாலும் இணையவழி நடந்தது. அதை முந்தைய நேர்காணல் ஆண்டுகளோடு சேர்க்காமல் தனியாகக் காட்டுங்கள்.

வீட்டு விகிதமாக ஒரே எண்ணைக் கேட்டாலும், இரு தரப்பின் சராசரியைத் தராதீர்கள். கணவர், மனைவி என இரண்டையும் தனித்தனியே அச்சிடுங்கள். இடமில்லையேல் சொந்த உடைமைக் கேள்வியின் விகிதத்தை, அது தனிநபர் விகிதம் என்ற குறிப்போடு கொடுங்கள்.