கண்டுபிடித்தது நீங்கள், உரிமை யாருக்கு?

ஆய்வு மாணவர் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத்தான். 'உரிமையை ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்' என்பதும் 'இதன்மூலம் ஒப்படைக்கிறேன்' என்பதும் ஒன்றல்ல. முன்னது பிறகு தருவேன் என்ற வாக்குறுதி, பின்னது அப்போதே உரிமையைக் கொடுத்துவிடுவது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் ரோஷ் நிறுவனத்திடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தோற்க இந்த வித்தியாசமும் ஒரு காரணம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர் வெளி நிறுவனத்தில் போட்ட, 'இதன்மூலம் ஒப்படைக்கிறேன்' என்ற ரகசியக்காப்பு ஒப்பந்தம் முந்திக்கொண்டது; அந்த உரிமை பிறகு ரோஷ் கைக்குப் போனது. அதனால் வேறு ஆய்வகத்துக்குப் போகும்போது 'சும்மா ஒரு படிவம்' என்று நீட்டினால், முழுக்கப் படியுங்கள்.

அப்புறம், கட்டுரையோ மாநாட்டுப் போஸ்டரோ வெளிவரும் முன்பே, கண்டுபிடிப்புகளின் காப்புரிமையையும் உரிமத்தையும் கவனிக்கும் உங்கள் பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் கண்டுபிடிப்பு அறிக்கை கொடுங்கள். அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க, வெளியிட்ட பிறகும் 12 மாத அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் பொதுவாகக் கிடையாது.

ஒரு நிறுவனம் தனியுரிமம் (தான் மட்டுமே பயன்படுத்தும் உரிமம்) கேட்டால் கொடுக்கலாம், சரி. ஆனால் குறித்த காலத்துக்குள் சந்தைக்குக் கொண்டுவராவிட்டால் உரிமம் திரும்பிவிடும் என்று எழுதி வாங்குங்கள்.