இன்ஜின் லைட் எரிந்தால் முதலில் நீங்களே பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் நிற்கும் கார்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. ஆறு மாதம் கொட்டகையில் தூசி மூடிக் கிடக்கும், படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்தால் நாலே நாளில் ஓயாமல் ஓடும். போன தடவை கானாடுகாத்தான் தாண்டியதும் எங்கள் வண்டியில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிந்தது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் "சென்சார் போச்சு, மாத்திரணும்" என்றார்கள், அப்பச்சியும் சரி என்று தலையாட்டப் போனார். ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ஓபிடி ரீடரை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறைப் போனில் காட்டும் கருவியை எடுத்தேன்.

சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், 2013-க்குப் பிந்தைய பெரும்பாலான வண்டிகளிலும் வேலை செய்யும். ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் அதற்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்குங்கள், சாதா புளூடூத் ரீடர் அதில் சேராது.

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். சாவி ஆஃபில் இருக்கும்போது செருகி, அப்புறம் ஆன் செய்து, போனில் புளூடூத் சேருங்கள் (பின் நம்பர் பெரும்பாலும் 1234 அல்லது 0000). டார்க் (Torque) மாதிரி ஒரு ஆப்பில், கோளாறைக் குறிக்கும் 'கோட்' எண்ணைப் படியுங்கள். வந்ததும் ஸ்கிரீன்ஷாட், ஃப்ரீஸ் ஃப்ரேம் இருந்தால் அதையும் சேர்த்து, ஏனென்றால் கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் சூடு, வேகம், ஆர்பிஎம் என்ன என்பது அதில்தான் இருக்கிறது. கை பரபரத்து அழித்துவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு வந்தது பி0135. புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் முதல் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை, கவனியுங்கள். சர்க்யூட் என்றால் ஃபியூஸ், கனெக்டர், ஒயர் எல்லாமும்தான். ஃபியூஸ் நன்றாக இருந்தது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், கனெக்டருக்கு ஒரு சாண் முன்னால் உறை கடிபட்டு ஒயர் அறுந்து செம்பு பளபளத்தது, பக்கத்திலேயே எலிப் புழுக்கை. அறுந்த இரண்டு முனைகளையும் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டு, அதற்குப் பிறகுதான் அந்தக் கோட் எண்ணை அழித்தேன். திருமயம் போய்த் திரும்பியும் லைட் வரவில்லை. வந்திருந்தால் சென்சாரைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

கையோடு அதே ஆப்பில் லைவ் டேட்டாவையும் பாருங்கள். ஓடும் வண்டியில் வோல்டேஜ் சுமார் 13.5 முதல் 14.5 வரை இருந்தால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், அது மிஸ்ஃபயர் (இன்ஜினுக்குள் எரிபொருள் சரியாக எரியவில்லை), ஓட்டிக்கொண்டே போனால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்துவிடும். ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போது ரீடரைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். சாவி ஆஃபில் இருந்தாலும் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.